குழாய்ப் பாதைக்கு நிலநடுக்க ஆய்வு: ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

1999 ஆகஸ்ட் 17 அதிகாலை, துருக்கியின் இஸ்மித் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் அங்கிருந்த தூப்ராஷ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தீப்பற்றியது. ஹீட்டர் புகைபோக்கி ஒன்று இடிந்து கச்சா எண்ணெய்ப் பிரிவின் மேல் விழுந்தது. நாஃப்தா தொட்டிகள் எரிந்தன. தீயை அணைக்க ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாயும் உடைந்துபோனதால் தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆலையில் எந்தக் குழாய் தாங்க வேண்டும், எது உடைந்தால் மற்றதெல்லாம் போய்விடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியவர் பைப் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர்.

அந்தக் கணக்குக்கான கருவிகளில் ஒன்றுதான் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் ஆய்வு. எடை, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றுக்கு ஸ்டேடிக் ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள்கூட டைனமிக் பகுதியைத் திறந்ததும் தயங்குவார்கள். உண்மையில் அங்கே நிரப்ப வேண்டிய பெட்டிகள் குறைவு. எதைப் போட்டாலும் மென்பொருள் ஒரு விடையைத் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து. எனவே எந்தப் பெட்டியில் என்ன போடுவது என்பதோடு, வந்த விடையை எப்படிச் சந்தேகிப்பது என்பதையும் இந்த வழிகாட்டி சொல்கிறது. பெயர்கள் பெரும்பாலும் சீசர்-2 மென்பொருளை ஒட்டியவை. ஆட்டோபைப், ரோர்-2 போன்றவற்றில் பட்டியல்களின் பெயர் மாறும். வேலையின் வரிசை மாறாது.

ஸ்பெக்ட்ரம் என்றால் என்ன?

ஒரு பலகையில் வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய கம்பிகளை நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எடையைப் பொருத்துங்கள். பலகையை நிலநடுக்கம் போலக் குலுக்கினால் ஒவ்வொரு கம்பியும் தன் இயல்பான அலைவு நேரத்துக்கு ஏற்ப ஆடும். ஒவ்வொன்றும் அடைந்த உச்ச முடுக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அலைவு நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் கோடுதான் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம். 1930-களில் மாரிஸ் பியோ இந்தக் கருத்தை முன்வைத்தார். ஜார்ஜ் ஹவுஸ்னர் போன்றோர் அதை வடிவமைப்புக் கருவியாக வளர்த்தனர்.

குழாய்ப் பாதை என்பது இப்படிப்பட்ட பல கம்பிகளின் தொகுப்பு. அதற்குப் பல அதிர்வு வடிவங்கள் உண்டு. அவற்றை மோடுகள் என்கிறோம். மென்பொருள் முதலில் மோடுகளைக் கண்டுபிடிக்கிறது. பிறகு ஒவ்வொரு மோடின் உச்ச விளைவையும் ஸ்பெக்ட்ரத்திலிருந்து எடுக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு விதிப்படி சேர்க்கிறது. உச்சங்கள் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை என்பதால் நேரடியாகக் கூட்டுவதில்லை.

எல்லா லைனுக்கும் இது தேவையில்லை. பெரும்பாலான லைன்களுக்கு, எடையில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொடுக்கும் ஈக்விவலன்ட் ஸ்டேடிக் முறையே போதும். அதில் லைன் தேறவில்லை என்றாலோ, உயரமான கட்டமைப்பில் முக்கியமான லைன் என்றாலோ, ஒப்பந்தமே கேட்டாலோ ஸ்பெக்ட்ரத்துக்குப் போகலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- திட்டத்தின் சீஸ்மிக் டிசைன் பேசிஸ் ஆவணம்: எந்தக் குறியீடு, எந்தப் பதிப்பு, எந்த மண்டலம்.
- மண் வகை, முக்கியத்துவக் காரணி, விசைக் குறைப்புக் காரணி.
- ஸ்பெக்ட்ரம் வளைவு எத்தனை சதவீத டேம்பிங்குக்கானது என்ற விவரம்.
- குழாய் தரையில் ஓடுகிறதா, கட்டமைப்பின் மேல் ஓடுகிறதா. மேலே என்றால் அந்தத் தளத்துக்கான ஃப்ளோர் ஸ்பெக்ட்ரம்.
- வால்வு, ஆக்சுவேட்டர், ஃபிளாஞ்ச் எடைகள். வால்வின் எடை மையம்.
- ஸ்டேடிக் ஆய்வில் தேறிய மாடல்.

படி 1: ஸ்டேடிக் மாடலை முடித்துவிடுங்கள்

டைனமிக் ஆய்வு ஸ்டேடிக் மாடலின் மேல்தான் நிற்கிறது. எடை நிலையில் தேறாத லைன் நிலநடுக்கத்தில் தேறப்போவதில்லை. குழாயினுள் இருக்கும் திரவத்தின் அடர்த்தி, இன்சுலேஷன் எடை, வால்வுகளின் உண்மையான எடை எல்லாம் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். ஸ்டேடிக் ஆய்வில் எடை தவறினால் எடை சார்ந்த விடைகள் மட்டும் மாறும். இங்கே எடைதான் விசை. எடை தவறினால் எல்லாமே தவறும்.

ஆக்சுவேட்டர் பொருத்திய வால்வைக் குழாயின் மையக்கோட்டில் ஒரு புள்ளி எடையாக வைத்துவிடாதீர்கள். மேலே துருத்தி நிற்கும் எடை பக்கவாட்டில் ஆடும்போது குழாயை முறுக்கும். எடை மையம் வரை ஒரு ரிஜிட் உறுப்பை நீட்டி, அதன் நுனியில் எடையைக் கொடுங்கள்.

படி 2: நோடுகளைப் போதிய அளவு வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். லம்ப்டு மாஸ் முறையில் ஒவ்வொரு குழாய்த் துண்டின் எடையும் பாதி பாதியாக அதன் இரு முனை நோடுகளுக்குப் போய்ச் சேரும். இரண்டு சப்போர்ட்களுக்கு நடுவே ஒரு நோடுகூட இல்லையென்றால், அந்தப் பகுதியின் எடை முழுவதும் சப்போர்ட் மேலேயே அமர்ந்துவிடும். பிறகு ஆடுவதற்கு எதுவும் மிஞ்சாது. நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அந்த ஸ்பேன் மாடலில் இல்லாததற்குச் சமம். ஸ்ட்ரெஸ் குறைவாக வரும், ரிப்போர்ட்டும் அழகாக இருக்கும். ஆனால் விடை பொய்.

இடைவெளியை எப்படி முடிவு செய்வது? இரு முனையிலும் எளிமையாகத் தாங்கப்பட்ட குழாயின் முதல் அதிர்வெண்ணைக் கையாலேயே போடலாம். மீள்மைக் குணகத்தையும் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புதிறனையும் பெருக்கி, மீட்டருக்கான நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அதை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து 1.57-ஆல் பெருக்கினால் ஹெர்ட்ஸில் விடை வரும்.

தண்ணீர் நிரம்பிய 6 அங்குல, ஷெட்யூல் 40 கார்பன் ஸ்டீல் குழாயை எடுத்துக்கொள்வோம். குழாய் மீட்டருக்கு 28.26 கி.கி., உள்ளே தண்ணீர் சுமார் 18.6 கி.கி., மொத்தம் ஏறத்தாழ 46.9 கி.கி. மீள்மைக் குணகம் 200 கிகாபாஸ்கல், நிலைமத் திருப்புதிறன் சுமார் 1,171 செ.மீ.⁴. இவற்றைப் போட்டால் அதிர்வெண் என்பது 351-ஐ நீளத்தின் வர்க்கத்தால் வகுத்த எண் என்று சுருங்கிவிடும். 6 மீட்டர் ஸ்பேனுக்கு அது சுமார் 9.75 ஹெர்ட்ஸ்.

மென்பொருள் மோடுகளைத் தேடும் உச்சவரம்பான கட்-ஆஃப் அதிர்வெண் 33 ஹெர்ட்ஸ் என்றால், அதே அதிர்வெண் கொண்ட ஸ்பேனின் நீளம் சுமார் 3.26 மீட்டர். அதில் பாதியை நோடு இடைவெளியின் உச்சவரம்பாகக் கொள்வது நல்ல நடைமுறை. இந்தக் குழாய்க்கு அது 1.6 மீட்டர். அதாவது 6 மீட்டர் ஸ்பேனை நான்கு துண்டாக்கினால் போதும். வளைவுகளுக்கு அருகிலும் கனமான வால்வுகளின் இருபுறமும் கூடுதல் நோடு வையுங்கள்.

படி 3: சப்போர்ட்களின் நிலையைத் தீர்மானியுங்கள்

ஸ்பெக்ட்ரம் ஆய்வு நேரியலானது. குழாய் மேலே எழும்பும், இடைவெளி மூடிக்கொள்ளும், உராய்வு பிடிக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு ஸ்டேடிக் லோடு கேஸைக் காட்டி, "இந்த நிலையில் எந்தச் சப்போர்ட் பிடித்திருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நிலநடுக்கம் வர வாய்ப்பு அதிகம் என்பதால், எடையும் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்த இயக்க நிலையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

இதில் மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, வெப்பத்தில் குழாய் எழும்பிய சப்போர்ட். இயக்க நிலையில் அது தொடவில்லை என்றால் டைனமிக் மாடலில் அந்தச் சப்போர்ட்டே இருக்காது. எந்தெந்தச் சப்போர்ட் விடுபட்டது என்பதை ஸ்டேடிக் ரிப்போர்ட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடைவெளி வைத்த கைடுகள். 3 மி.மீ. இடைவெளி இயக்க நிலையில் மூடவில்லை என்றால் கைடு இல்லாததாகவே எடுத்துக்கொள்ளப்படும். பக்கவாட்டு அதிர்வெண் சட்டென்று விழும், இடப்பெயர்ச்சி பெருகும். டைனமிக் ஆய்வுக்கென்று மாடலை ஒரு பிரதி எடுத்து, அதில் கைடு இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுவது பலரும் கடைப்பிடிக்கும் வழி. செய்தால் அதைக் கணக்கு ஆவணத்தில் எழுதிவையுங்கள்.

மூன்றாவது, உராய்வு. உராய்வை விறைப்பாக மாற்றும் காரணி ஒன்று மென்பொருளில் உண்டு. அதைப் பூஜ்ஜியமாக விட்டால் உராய்வின் உதவியே கிடையாது. ரேக்கின் மேல் ஓடும் நீண்ட லைனுக்கு லைன் ஸ்டாப்பும் இல்லையென்றால், முதல் மோடு ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே போய், குழாய் நீளவாக்கில் பெரிதாக நகர்வதாகக் காட்டும். அங்கே காரணியை ஏற்றி எண்ணைச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். லைன் ஸ்டாப் வேண்டுமா என்றுதான் முதலில் கேளுங்கள்.

படி 4: ஸ்பெக்ட்ரத்தைத் தயாரியுங்கள்

சென்னை வட்டாரத்தில் ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். இந்திய நிலநடுக்கக் குறியீடான ஐ.எஸ். 1893-இன் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதன் பகுதி 1, 2016 பதிப்பின்படி மூன்றாம் மண்டலக் காரணி 0.16. (இரண்டாம் மண்டலம் 0.10, நான்காம் மண்டலம் 0.24, ஐந்தாம் மண்டலம் 0.36.) உங்கள் ஒப்பந்தம் வேறு பதிப்பைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வடிவமைப்பு முடுக்கத்துக்கான வாய்ப்பாடு: மண்டலக் காரணியில் பாதி × முக்கியத்துவக் காரணி ÷ விசைக் குறைப்புக் காரணி × ஸ்பெக்ட்ரம் மதிப்பு. கணக்கு காட்டுவதற்காக முக்கியத்துவக் காரணி 1.5, குறைப்புக் காரணி 3 என்று எடுப்போம். உங்கள் வேலையில் இவை டிசைன் பேசிஸ் ஆவணத்திலிருந்துதான் வர வேண்டும். பெருக்கல் எண் 0.08 × 0.5 = 0.04 ஆகிறது.

நடுத்தர மண்ணுக்கு ஸ்பெக்ட்ரம் மதிப்பு இப்படி மாறுகிறது: அலைவு நேரம் 0.10 வினாடி வரை, 1-உடன் அலைவு நேரத்தின் 15 மடங்கு, 0.10 முதல் 0.55 வரை 2.5, 0.55 முதல் 4 வரை 1.36-ஐ அலைவு நேரத்தால் வகுத்தது. அதற்கு மேல் 0.34. இதிலிருந்து உள்ளிட வேண்டிய புள்ளிகள் (அலைவு நேரம்: ஸ்பெக்ட்ரம் மதிப்பு, 0.04-ஆல் பெருக்கிய வடிவமைப்பு முடுக்கம்):

- 0.01 வினாடி: 1.15, 0.046 ஜி
- 0.03 வினாடி: 1.45, 0.058 ஜி
- 0.10 வினாடி: 2.50, 0.100 ஜி
- 0.55 வினாடி: 2.50, 0.100 ஜி
- 1.00 வினாடி: 1.36, 0.054 ஜி
- 2.00 வினாடி: 0.68, 0.027 ஜி
- 4.00 வினாடி: 0.34, 0.014 ஜி

சரிவுப் பகுதி வளைகோடு என்பதால், நேர்கோட்டு இடைக்கணிப்பு எடுத்தால் நடுவே இன்னும் சில புள்ளிகளைச் சேருங்கள்.

டேம்பிங்கைக் கவனியுங்கள். மேலே உள்ள வளைவு 5 சதவீதத்துக்கானது. உங்கள் டிசைன் பேசிஸ் 2 சதவீதம் கேட்டால் மதிப்புகள் உயரும். ஐ.எஸ். 1893-இன் 2002 பதிப்பு அதற்கு 1.40 என்ற பெருக்கல் காரணியைத் தந்திருந்தது. அணு உலைக் குழாய்களுக்கு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 1.61 வழிகாட்டி, 2007 திருத்தத்தில், இயக்கநிலை நிலநடுக்கத்துக்கு 3 சதவீதமும் பாதுகாப்பு நிறுத்த நிலநடுக்கத்துக்கு 4 சதவீதமும் தருகிறது.

குழாய் கட்டமைப்பின் மேல்தளத்தில் இருந்தால் தரை ஸ்பெக்ட்ரத்தை அப்படியே போடக் கூடாது. கட்டடம் அசைவைப் பெருக்கி மேலே அனுப்பும். இதைக் கணக்கில் எடுக்க ஏ.எஸ்.சி.இ. 7-16 தரும் எளிய வாய்ப்பாட்டில் உயரக் காரணி தரையில் 1, கூரையில் 3. ஃப்ளோர் ஸ்பெக்ட்ரம் வேண்டுமென்று சிவில் குழுவிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 5: மென்பொருளில் உள்ளிடுங்கள்

டைனமிக் ஆய்வைத் திறந்து, வகையில் நிலநடுக்க ஸ்பெக்ட்ரத்தைத் தேர்ந்தெடுங்கள். "ஸ்பெக்ட்ரம் டெஃபினிஷன்ஸ்" பகுதியில் ஒரு பெயர் கொடுத்து நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: கிடை அச்சு அலைவு நேரமா, அதிர்வெண்ணா, நெடு அச்சு முடுக்கமா, வேகமா, இடப்பெயர்ச்சியா, இரண்டுக்கும் இடைக்கணிப்பு நேர்கோடா, லாகரிதமா. பிறகு புள்ளிகளைத் தட்டலாம், அல்லது ஒரு டெக்ஸ்ட் கோப்பிலிருந்து இழுக்கலாம்.

இங்கே நடக்கும் பெரிய விபத்து அலகுப் பிழை. 0.10 என்று நீங்கள் போட்டதை மென்பொருள் புவியீர்ப்பின் பங்காக எடுக்கிறதா, வேறு முடுக்க அலகாக எடுக்கிறதா என்று திரையிலேயே பார்த்து உறுதிசெய்யுங்கள். அலைவு நேரத்தை அதிர்வெண் பத்தியில் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வளைவை வரைந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மென்பொருளோடு வரும் எல் சென்ட்ரோ போன்ற ஸ்பெக்ட்ரங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது 1940 மே மாதம் கலிஃபோர்னியாவில் பதிவான ஒரு நிலநடுக்கத்திலிருந்து வந்தது. பயிற்சிக்கு நல்லது; உங்கள் ஆலைக்குச் சொந்தமானதல்ல.

படி 6: மூன்று திசைகளுக்கும் லோடு கேஸ்

ஒரே லோடு கேஸுக்குள் மூன்று வரிகள் எழுதுங்கள்: எக்ஸ் திசை, காரணி 1, இசட் திசை, காரணி 1, செங்குத்தான ஒய் திசை, உங்கள் குறியீடு சொல்லும் காரணி. கிடைமட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் செங்குத்துக்கு எடுப்பது பரவலான வழக்கம். அப்போது காரணி 0.667. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு கட்டடங்களின் செங்குத்து அசைவுக்கு ஸ்பெக்ட்ரம் மதிப்பை 2.5 என்றே நிலையாக எடுக்கச் சொல்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று திசை விளைவுகளையும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலமாகச் சேர்க்கலாம். அல்லது ஒரு திசையின் 100 சதவீதத்தோடு மற்ற இரண்டின் 30 சதவீதத்தைச் சேர்க்கலாம். டிசைன் பேசிஸ் எதைச் சொல்கிறதோ அது.

படி 7: கண்ட்ரோல் பாராமீட்டர்கள்

- சப்போர்ட் நிலைக்கான ஸ்டேடிக் லோடு கேஸ்: படி 3-இல் முடிவு செய்த இயக்க நிலை.
- மோடுகளின் எண்ணிக்கை: பூஜ்ஜியம் என்று விட்டால் கட்-ஆஃப் அதிர்வெண் வரை எல்லாவற்றையும் தேடும். தொடக்கத்தில் இப்படியே விடுங்கள்.
- கட்-ஆஃப்: வழக்கமாக 33 ஹெர்ட்ஸ்.
- மோடுகளைச் சேர்க்கும் முறை: அதிர்வெண்கள் நெருங்கி நிற்கும் மோடுகளுக்கு வெறும் வர்க்கமூலச் சேர்க்கை போதாது. 10 சதவீதத்துக்குள் நெருங்கியவற்றைக் குழுவாக்கும் முறை குழாய்ப் பாதைகளுக்கு நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் ஒரே மாதிரி ஸ்பேன்கள் வரிசையாக வந்தால் மோடுகளும் கொத்துக் கொத்தாகத்தான் வரும்.
- மிஸ்ஸிங் மாஸ் திருத்தம் (கட்-ஆஃபுக்கு மேலே விடுபடும் நிறையின் பங்கு): கட்டாயம் சேருங்கள்.

கட்-ஆஃபுக்கும் மிஸ்ஸிங் மாஸுக்கும் சற்று விளக்கம் தேவை. 33 ஹெர்ட்ஸ் என்ற எண், அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 1.60 வழிகாட்டியில் ஸ்பெக்ட்ரம் தரை முடுக்கத்தோடு வந்து சேரும் இடம். ஐ.எஸ். 1893 வளைவு அந்த இடத்தில் இன்னும் இறங்கி முடிக்கவில்லை. 33 ஹெர்ட்ஸில் அதன் மதிப்பு 1-க்குப் பதிலாக சுமார் 1.45. மிஸ்ஸிங் மாஸுக்கு எந்த முடுக்கத்தை எடுப்பது என்ற தேர்வு மென்பொருளில் இருந்தால், கட்-ஆஃப் இடத்தின் மதிப்பை எடுப்பதே பாதுகாப்பு. கடைசிப் புள்ளியின் மதிப்பை எடுத்தால் விடை குறைந்துவிடும். அதிலும் நம் பட்டியலை அதிர்வெண்ணாக மாற்றி உள்ளிட்டவர்கள், கடைசிப் புள்ளி எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இதே பகுதியில் டேம்பிங் என்றொரு பெட்டி இருக்கும். அதை மாற்றினால் ஸ்பெக்ட்ரம் மாறும் என்று நினைக்காதீர்கள். அது மோடுகளைச் சேர்க்கும் ஒரு குறிப்பிட்ட முறைக்கு மட்டும் பயன்படும் எண். உண்மையான டேம்பிங், நீங்கள் உள்ளிட்ட வளைவுக்குள் ஏற்கனவே அடங்கியிருக்கிறது.

படி 8: முதலில் மோடுகளை மட்டும் பாருங்கள்

ஸ்ட்ரெஸ் எண்ணுக்குத் தாவாமல், மோடல் ஆய்வை மட்டும் ஓட்டி அசைவுப் படங்களைப் பாருங்கள். முதல் மோடில் எந்த இடம் ஆடுகிறது? தளத்தில் அந்தக் குழாயை உலுக்கினால் அப்படித்தான் ஆடுமா? அரை ஹெர்ட்ஸில் ஒரு மோடு வந்தால், எங்கோ ஒரு சப்போர்ட் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து மாஸ் பார்ட்டிசிபேஷன். ஒவ்வொரு திசையிலும் 90 சதவீத நிறையாவது கணக்குக்குள் வர வேண்டும் என்பது ஐ.எஸ். 1893, ஏ.எஸ்.சி.இ. 7 இரண்டும் எதிர்பார்ப்பது. குழாய்களில் நீளவாக்குத் திசை பெரும்பாலும் இதை எட்டாது. ஆங்கரோடு இறுகப் பிடித்த நேர்க்குழாயின் நீளவாக்கு அதிர்வு கட்-ஆஃபுக்கு மேலே போய்விடுவதே காரணம். அதற்காகத்தான் மிஸ்ஸிங் மாஸ். பக்கவாட்டில் சதவீதம் குறைந்தால் நோடு இடைவெளியையும் கட்-ஆஃபையும் மறுபடி பாருங்கள்.

படி 9: சேர்க்கையும் குறியீட்டுச் சோதனையும்

ஸ்பெக்ட்ரம் விடையைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. எடையும் அழுத்தமும் சேர்ந்த ஸ்டேடிக் கேஸோடு நிலநடுக்கக் கேஸைக் கூட்டி, "அக்கேஷனல்" வகையாகக் குறியுங்கள். ஏ.எஸ்.எம்.இ. பி31.3 இந்தக் கூட்டுத்தொகைக்குப் பெரும்பாலான உலோகங்களில் சூடான நிலை அனுமதி ஸ்ட்ரெஸ்ஸின் 1.33 மடங்கு வரை இடம் தருகிறது. ஏ106 கிரேடு பி குழாய்க்குச் சாதாரண வெப்பநிலையில் அனுமதி 138 மெகாபாஸ்கல் என்றால், எல்லை சுமார் 183. பி31.1 கறாரானது, நிகழ்வின் கால அளவைப் பொறுத்து 1.15 அல்லது 1.20 மடங்கு. காற்றையும் நிலநடுக்கத்தையும் ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

ஏ.எஸ்.சி.இ. 7 விசைகளைப் பயன்படுத்தினால் இன்னொன்றையும் பாருங்கள். அவை வலிமை நிலைக்கானவை. அனுமதி ஸ்ட்ரெஸ் முறைக்கு வரும்போது 0.7 காரணி உண்டு.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓடும் லைனுக்கு, அவை எதிரெதிராக நகர்வதால் வரும் இழுப்பு தனிக் கணக்கு. சிவில் குழு தரும் சார்பு நகர்வை ஸ்டேடிக் பகுதியில் இடப்பெயர்ச்சியாகக் கொடுத்து ஓட்டுங்கள். குழாய் போதிய அளவு நெளிந்துகொடுக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஸ்பெக்ட்ரம் இதற்கு விடை சொல்லாது.

படி 10: விடையைப் படிக்கும் முறை

ஸ்பெக்ட்ரம் விடைகளுக்குக் குறி கிடையாது. வர்க்கமூலம் எடுத்தபின் எல்லாமே நேர் எண். ஆகவே ஒவ்வொரு விசையையும் கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும். ஒரு சப்போர்ட்டில் எடை கீழ்நோக்கி 8,000 நியூட்டன், நிலநடுக்கம் 10,000 நியூட்டன் என்றால், கூட்டினால் 18,000. கழித்தால் குழாய் மேலே எழும்ப முயல்கிறது. அந்தச் சப்போர்ட் மேல்நோக்கிப் பிடிக்காது என்றால் நேரியல் அனுமானமே அங்கே உடைகிறது. ஒரு ஹோல்டு-டவுன் தேவைப்படலாம்.

பம்பு, வெசல் நாசில்களின் விசையையும், ஃபிளாஞ்சுகளின் மொமென்ட்டையும், வால்வின் முடுக்கத்தையும் அனுமதிகளோடு ஒப்பிடுங்கள். சப்போர்ட் விசைகளைச் சிவில் குழுவுக்கு அனுப்பும்போது "இரு குறிகளிலும்" என்று தெளிவாக எழுதுங்கள்.

முதல் வேலைக்கு முன் ஒரு சோதனை மாடல்

படி 2-இல் பார்த்த 6 மீட்டர் ஸ்பேனை மட்டும் தனியே மாடலாக்குங்கள். இரு முனையிலும் நகர்வைப் பூட்டி, சுழற்சியை விட்டுவிடுங்கள். குழாய் தன் அச்சில் உருளாமல் ஒரு முனையில் முறுக்கை மட்டும் பூட்டுங்கள். நான்கு சம துண்டு. மேலே உள்ள ஸ்பெக்ட்ரத்தைக் குறுக்குத் திசையில் மட்டும் கொடுங்கள். வர வேண்டிய விடைகள்:

- முதல் அதிர்வெண் சுமார் 9.7 ஹெர்ட்ஸ், அலைவு நேரம் ஏறத்தாழ 0.10 வினாடி, ஆகவே முடுக்கம் 0.10 ஜி.
- நடுப்புள்ளி இடப்பெயர்ச்சி சுமார் 0.33 மி.மீ.
- நடுப்புள்ளி மொமென்ட் சுமார் 210 நியூட்டன் மீட்டர்.

மொமென்ட்டை ஸ்டேடிக் முறையிலும் சரிபார்க்கலாம். மீட்டருக்கு 46 நியூட்டன் பக்கவாட்டு விசை, நீளத்தின் வர்க்கம் 36. பெருக்கி 8-ஆல் வகுத்தால் 207. இரண்டும் கைகுலுக்குகின்றன. உங்கள் மென்பொருள் பத்து மடங்கு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் அலகைத் தேடுங்கள். பூஜ்ஜியம் காட்டினால் நோடுகளைத் தேடுங்கள்.

லைன் தேறவில்லை என்றால்

முதலில் எந்த மோடு அந்த ஸ்ட்ரெஸ்ஸைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். மென்பொருள் மோடுவாரியாகப் பங்களிப்பைக் காட்டும். அந்த மோடில் அதிகம் ஆடும் இடத்தில் ஒரு கைடு வைத்தால் பெரும்பாலும் போதும். உடனே வெப்ப நிலையை மறுபடி ஓட்டுங்கள். நிலநடுக்கத்துக்காகக் குழாயை இறுக்கினால் வெப்ப விரிவுக்கு வழி அடைபடும். இரண்டையும் ஒருசேர விட முடியாத இடத்தில்தான் ஸ்னப்பர்: மெதுவான வெப்ப நகர்வுக்கு வழிவிட்டு, திடீர் அசைவில் பூட்டிக்கொள்ளும். பராமரிப்புச் செலவு கேட்கும் பொருள் என்பதால் அதைக் கடைசித் தேர்வாக வையுங்கள்.

ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் முன்

- ஸ்பெக்ட்ரம் வளைவின் படமும் அலகும் ஆவணத்தில் உள்ளனவா?
- குறியீட்டின் பதிப்பு, டேம்பிங், காரணிகள் எழுதப்பட்டுள்ளனவா?
- எல்லா ஸ்பேன்களிலும் இடை நோடுகள் உண்டா?
- இயக்க நிலையில் விடுபட்ட சப்போர்ட்களின் பட்டியல் உண்டா?
- ஒவ்வொரு திசையிலும் நிறைப் பங்கு எவ்வளவு, மிஸ்ஸிங் மாஸ் சேர்ந்ததா?
- எழும்பும் சப்போர்ட்கள் பார்க்கப்பட்டனவா?

மென்பொருளின் டைனமிக் பெட்டிகளை நிரப்பச் சில நிமிடங்கள் போதும். நோடு வைப்பதும், சப்போர்ட் நிலையைத் தீர்மானிப்பதும், வந்த எண்ணைக் கைக்கணக்கோடு ஒப்பிடுவதும்தான் இன்ஜினியரின் வேலை. அந்தச் சோதனை ஸ்பேனை இன்றே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், 9.7 ஹெர்ட்ஸ் வந்த பிறகு உண்மையான லைனைத் திறங்கள்.